ஒற்றையா, இரட்டையா? லேசர் துடிப்பால் காந்தப் படலத்தைப் புரட்டும் முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து ஓரிருவர் வந்து சேருகிறார்கள். காந்தவியல் பாடம் நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் லேசர் மேசை முன்னால் நின்றதும் கை ஓடாது. எதை முதலில் தொடுவது, எதை நம்புவது, எதைச் சந்தேகப்படுவது என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை. நான் பல வாரம் தொலைத்துக் கற்றுக்கொண்டதை அவர்கள் ஒரே மாலையில் படித்துவிட வேண்டும். அதற்காகத்தான் இது.

செய்யப் போவது என்ன? கண்ணாடித் துண்டின் மேல் 20 நானோமீட்டர் தடிமனில் ஒரு காந்தப் படலம். அதன் காந்தமாக்கம், அதாவது உள்ளே உள்ள காந்தத்தின் திசை, மேல்நோக்கி நிற்கிறது. அதன்மேல் ஒரே ஒரு லேசர் துடிப்பு, அதாவது மிகக் குறுகிய நேரமே நீடிக்கும் ஒளி வீச்சு, விழுகிறது. ஒளி பட்ட வட்டம் மட்டும் கீழ்நோக்கித் திரும்பிவிடுகிறது. பக்கத்தில் காந்தப் புலம் எதுவும் இல்லை, கம்பிச் சுருளும் இல்லை. எல்லாம் சில பைக்கோ விநாடிகளில் முடிந்துவிடும். ஒரு பைக்கோ விநாடி என்பது ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஃபெம்டோ விநாடி அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு.

முதலில், உள்ளே நடப்பது

1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் போர்பேர், பிகோ குழுவினர் நிக்கல் படலத்தின் மேல் 60 ஃபெம்டோ விநாடித் துடிப்பை அடித்தார்கள். ஒரு பைக்கோ விநாடிக்குள்ளேயே அதன் காந்தத்தன்மை பெருமளவு சரிந்தது. அவ்வளவு வேகத்தை அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அது சரிவு மட்டும்தான், புரட்டல் இல்லை. 2007இல் நெதர்லாந்தின் நைமேகனில் ராசிங் குழு கடோலினியம், இரும்பு, கோபால்ட் கலந்த படலத்தில் 40 ஃபெம்டோ விநாடித் துடிப்பால் காந்தத்தைப் புரட்டிக் காட்டியது.

அந்தக் கலவையில் என்ன விசேஷம்? அது ஒரு ஃபெர்ரி காந்தம். இரும்பின் காந்தம் ஒரு திசை, கடோலினியத்தின் காந்தம் அதற்கு நேர் எதிர்த்திசை. லேசர் விழுந்ததும் எலக்ட்ரான்களின் வெப்பநிலை ஆயிரம் கெல்வினைத் தாண்டுகிறது. இரும்பு சட்டென்று நிலைகுலைகிறது, சுமார் 300 ஃபெம்டோ விநாடியில். கடோலினியம் நிதானம், அதற்கு 1.5 பைக்கோ விநாடி ஆகிறது. இந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. இரும்பு சுழியத்தைத் தொட்டபோதும் கடோலினியத்திடம் கோண உந்தம், அதாவது காந்தத்தோடு சேர்ந்தே இருக்கும் சுழல் உந்தம், மிச்சம் இருக்கிறது. இரண்டின் காந்தங்களையும் பிணைத்து வைக்கும் பரிமாற்ற இடைவினை வழியாக அது இரும்புக்குக் கைமாற, இரும்பு மறுபக்கம் தள்ளப்படுகிறது. கொஞ்ச நேரம் இரண்டும் ஒரே திசையில் நிற்கின்றன. 2011இல் எக்ஸ் கதிரால் இதை நேரடியாகவே பார்த்தார்கள். அப்புறம் படலம் குளிரக் குளிர, கடோலினியமும் தன் வழக்கப்படி இரும்புக்கு எதிராகத் திரும்பிக்கொள்கிறது. புரட்டல் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது: மேல் எது, கீழ் எது என்று துடிப்புக்குத் தெரியாது. அது வெறும் வெப்ப அடி. மேலே இருந்தால் கீழே போகும், கீழே இருந்தால் மேலே வரும். 2012இல் ஆஸ்லரும் கூட்டாளிகளும் இதை உறுதிசெய்தார்கள். ஆகவே ஒரு துடிப்புக்குத் திரும்பும், இரண்டாவதற்குப் பழைய இடத்துக்கே வரும், மூன்றாவதற்கு மறுபடி திரும்பும். இந்த ஒற்றை–இரட்டைக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கணக்கைப் பிசகில்லாமல் எடுப்பதற்கான ஏற்பாடுதான்.

படி 1: படலம்

கடோலினியம் சுமார் 24 முதல் 26 அணு சதவீதம், மீதி பெரும்பாலும் இரும்பு, கொஞ்சம் கோபால்ட். இந்த விகிதத்தில் ஈடுசெய் வெப்பநிலை, அதாவது இரண்டு காந்தங்களும் ஒன்றையொன்று சரிக்கட்டும் வெப்பநிலை, அறை வெப்பநிலையை ஒட்டி அமையும். ஸ்பட்டரிங்கில், அதாவது அயனிகளால் அடித்து அணுக்களைப் பெயர்த்துப் படலமாகப் படிய வைக்கும்போது, ஒரு சதவீதம் மாறினாலே அந்த வெப்பநிலை பத்துக் கணக்கான டிகிரி நகர்ந்துவிடும். அதனால் ஒரே விகிதத்தை நம்பாமல், சற்றே மாறுபட்ட நான்கைந்து படலங்களை ஒரே நாளில் எடுத்துவிடுங்கள்.

கடோலினியம் காற்றுப் பட்டால் ஆக்சைடாகிவிடும். மேலும் கீழும் சிலிக்கான் நைட்ரைடோ, டான்டலமோ, பிளாட்டினமோ போர்த்தியே ஆக வேண்டும். மேல்போர்வை 3 நானோமீட்டருக்கும் குறைந்தால் பெங்களூர் மழைக்காலத்தை அது தாங்குவதில்லை. ஜூனில் எடுத்த படலம் ஆகஸ்டில் வேறு படலமாக நிற்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, கலவையை விட்டுவிட்டு அடுக்குப் படலத்தில் தொடங்குங்கள். பிளாட்டினத்தின் மேல் சுமார் 1 நானோமீட்டர் கோபால்ட், அதன்மேல் 3 நானோமீட்டர் கடோலினியம், மேலே மூடி. நெதர்லாந்தின் ஐந்தோவன் குழு 2017இல் இதில் ஒற்றைத் துடிப்புப் புரட்டலைக் காட்டியது. கலவை விகிதம் என்ற தலைவலியே இதில் இல்லை. தடிமன் சரியாக இருந்தால் போதும்.

படலம் கைக்கு வந்ததும் லேசர் அறைக்கு ஓட வேண்டாம். முதலில் கெர் விளைவால் (பட்டுத் திரும்பும் ஒளியில் காந்தம் செய்யும் மாற்றம், படி 5இல் வருகிறது) காந்தத் தயக்க வளையம் எடுங்கள், அதாவது வெளிப் புலத்தைக் கூட்டிக் குறைக்கும்போது காந்தமாக்கம் எப்படி மாறுகிறது என்ற வரைபடம். வளையம் சதுரமாக, செங்குத்துச் சுவரோடு வர வேண்டும். சாய்ந்து வந்தால் காந்தமாக்கம் படலத்துக்குச் செங்குத்தாக இல்லை என்று பொருள், அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். ஒரு பொருளுக்கு எந்தத் திசை பிடிக்கும் என்பதை அளப்பது காந்தவியலில் பழைய கலை. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது திரும்புவதைக் கொண்டே இதை அளந்தார். நமக்கு ஒரு வளையத்தில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

கலவைப் படலமானால் வளையத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு இரும்பு–கோபால்ட் பக்கம்தான் பெரும்பாலும் தெரியும், கடோலினியம் அவ்வளவாகத் தெரியாது. எனவே ஈடுசெய் வெப்பநிலையைத் தாண்டும்போது வளையம் தலைகீழாகும். படலத்தை மெதுவாகச் சூடாக்கிக்கொண்டே வளையம் எடுத்தால், எந்த வெப்பநிலையில் அது கவிழ்கிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

படி 2: மேசைக்குப் போகும் முன்

இதை அவசரமாகப் படிக்காதீர்கள். பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது லேசர் துடிப்பின் ஆற்றலைக் கூட்டும் டைட்டானியம்–சஃபயர் பெருக்கி, அலைநீளம் 800 நானோமீட்டர். அந்த நிறம் கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது. மங்கலான சிவப்பாகத் தெரிவதை வைத்து "கொஞ்சம்தான் வருகிறது" என்று எண்ணிவிடுவோம். ஒரு துடிப்பு விழித்திரையில் விழுந்தால் போன பார்வை திரும்பாது. மோதிரம், கைக்கடிகாரம், வளையல், தாலிச் சங்கிலி, எது பளபளத்தாலும் கழற்றி வையுங்கள் அல்லது உள்ளே போட்டு மூடுங்கள். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி இல்லாமல் அறைக்குள் போகக் கூடாது. கீழே விழுந்த திருகை எடுக்கக் குனியும்போது கதிர் செல்லும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். லேசரை மறைத்துவிட்டுக் குனியுங்கள். எனக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு தம்பி தங்கைக்கும் இதை முதல் நாளும் சொல்வேன், நூறாவது நாளும் சொல்வேன்.

படி 3: ஒரே ஒரு துடிப்பைப் பிரித்தெடுப்பது

இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் நிற்கப் போவது இங்கேதான்.

பெருக்கி விநாடிக்கு 1000 துடிப்பு தருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு மில்லி விநாடி. சாதாரண இயந்திர ஷட்டர் திறந்து மூடவே சில மில்லி விநாடி எடுக்கும். ஆகவே ஷட்டரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு துடிப்பை எடுக்க முடியாது. இதை மனதளவில் அறிந்திருப்பது வேறு, மேசையில் மாட்டிக்கொண்டு அறிவது வேறு.

என்னுடைய முதல் படலங்களில் எதுவுமே நடக்கவில்லை. பொத்தானை அழுத்துவேன், நுண்ணோக்கியில் பார்ப்பேன், படலம் முன்போலவே இருக்கும். ஆற்றலைக் கூட்டுவேன், அப்போதும் அப்படியே. இன்னும் கூட்டினால் படலம் பொசுங்கும். கலவை விகிதம் தவறு என்று முடிவுகட்டி மூன்று படலங்களை ஓரமாக வைத்துவிட்டேன். மூன்று வாரம் போயிற்று. புதிதாகச் சேர்ந்திருந்த நாகர்கோவில் தம்பி ஒருவன், எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்த, ஒளியை மின்சைகையாக்கும் ஃபோட்டோடயோடு ஒன்றைச் சிதறும் ஒளியில் காட்டி, சைகையை நேரத்தோடு வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் மாட்டினான்.

"அக்கா, ஸ்கோப்புல ரெண்டு கம்பி தெரியுது."

"எங்கேயாவது பட்டுத் திரும்புற ஒளியா இருக்கும் தம்பி."

"இல்லக்கா. ரெண்டுக்கும் நடுவுல சரியா ஒரு மில்லி செகண்டு."

அவன் சொன்னது சரி. ஷட்டர் ஒவ்வொரு முறையும் இரண்டு துடிப்பை விட்டிருக்கிறது. படலம் ஒவ்வொரு முறையும் புரண்டு, மறுபடி புரண்டு, பழைய இடத்துக்கு வந்து நின்றிருக்கிறது. சின்ன வயதில் புளியங்கொட்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு "ஒத்தையா ரெட்டையா" என்று கேட்போமே, அதே கேள்விதான். கையைத் திறந்து எண்ணிப் பார்க்காமலே மூன்று வாரம் விடை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒதுக்கி வைத்த மூன்று படலங்களையும் அன்றிரவே மறுபடி எடுத்தோம். இரண்டு அருமையாகப் புரண்டன.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பெருக்கியின் வெளியீட்டுப் பாக்கெல்ஸ் செல்லை, அதாவது மின்னழுத்தத்தால் இயங்கும் வேகமான ஒளிக்கதவை, கட்டுப்படுத்தும் பெட்டியில் துடிப்பு வீதத்தை விநாடிக்கு 10 ஆகக் குறையுங்கள். இப்போது துடிப்புகளுக்கு நடுவே 100 மில்லி விநாடி இருக்கிறது. ஷட்டரை அதே மின்னணுச் சைகையோடு இணைத்து, 50 அல்லது 60 மில்லி விநாடி மட்டும் திறக்க வையுங்கள். துடிப்பு அந்தச் சாளரத்தின் நடுவே விழும்படி தாமதத்தைத் திருத்துங்கள். ஓரத்தில் விழுந்தால் சில சமயம் ஒன்று வரும், சில சமயம் ஒன்றுமே வராது. ஃபோட்டோடயோடை நிரந்தரமாக மேசையிலேயே பொருத்திவிடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஸ்கோப்பில் ஒற்றைக் கம்பி தெரிந்ததா என்று பார்த்துக் குறிப்பேட்டில் டிக் போட்ட பிறகே படத்தைச் சேமியுங்கள்.

படி 4: ஆற்றலும் புள்ளி அளவும்

எண் போட்டுப் பார்ப்போம். லென்ஸால் குவித்த புள்ளியின் ஆரம் 50 மைக்ரோமீட்டர், ஒரு துடிப்பின் ஆற்றல் 0.2 மைக்ரோஜூல் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கூடி ஓரத்தில் மங்கும் காசியன் வடிவக் கற்றையின் நடுவே சதுர சென்டிமீட்டருக்கு விழும் ஆற்றல், துடிப்பின் ஆற்றலை இரண்டால் பெருக்கி, பை மற்றும் ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. கணக்குப் போட்டால் சுமார் 5 மில்லிஜூல். நமக்குத் தேவைப்படுவதும் சதுர சென்டிமீட்டருக்குச் சில மில்லிஜூல்தான்.

0.2 மைக்ரோஜூல் என்பது 1000 துடிப்பு வீதத்தில் 0.2 மில்லிவாட். வெப்பத்தால் அளக்கும் பவர் மீட்டரில் இது இரைச்சலோடு கலந்துவிடும். ஃபோட்டோடயோடு வகைத் தலையைப் பயன்படுத்துங்கள். ஆற்றலை மாற்ற, ஒளி அதிரும் தளத்தைத் திருப்பும் அரை அலைத் தட்டும், ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசரும் போதும்.

துடிப்பின் நீளத்தையும் மறக்க வேண்டாம். 40 ஃபெம்டோ விநாடித் துடிப்பு 10 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடியைக் கடந்தால் சுமார் 50 ஆகிவிடும். பல லென்ஸ் கொண்ட நுண்ணோக்கிப் பொருள்வில்லை வழியாக அனுப்பினால் நூறைத் தாண்டும். நல்லவேளையாக, கடோலினியக் கலவை இதில் பெருந்தன்மையானது. சில பைக்கோ விநாடி நீளமுள்ள துடிப்புகூட அதைப் புரட்டும். அதனால் இதற்காக முதல் நாளிலேயே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

படி 5: பார்ப்பதற்கான கண்

ஃபாரடே 1845இல் கண்டது, கண்ணாடியைக் கடக்கும் ஒளியின் தளவிளைவை, அதாவது ஒளி அதிரும் தளத்தை, காந்தம் சற்றே சுழற்றும் என்பது. கெர் 1877இல் கண்டது, பட்டுத் திரும்பும் ஒளியிலும் அது நடக்கும் என்பது. சுழற்சி ஒரு டிகிரிக்கும் குறைவு. அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதுதான் நம் நுண்ணோக்கியின் வேலை.

எல்.ஈ.டி. விளக்கு, போலரைசர், படலம், பொருள்வில்லை, இரண்டாவது போலரைசர், கேமரா. இரண்டு போலரைசர்களையும் முதலில் முழுதும் குறுக்காக நிறுத்திப் படத்தை இருட்டாக்குங்கள். பிறகு இரண்டாவதை ஓரிரு டிகிரி மட்டும் திருப்புங்கள். மேல்நோக்கிய பகுதி வெளுப்பாகவும் கீழ்நோக்கிய பகுதி கறுப்பாகவும் பிரியும். படலத்தை ஒரு திசையில் நிறைவாக்கி, அதாவது காந்தம் முழுதும் அத்திசையிலேயே நிற்கும்படி செய்து, ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து எடுக்கும் ஒவ்வொரு படத்திலிருந்தும் அதைக் கழியுங்கள். தூசி, கீறல் எல்லாம் மறைந்து காந்தம் மட்டும் மிஞ்சும். கேமராவுக்கு முன் லேசர் நிறத்தைத் தடுக்கும் வடிகட்டி வையுங்கள்.

கோடை மழையில் மின்சாரம் ஒரு கணம் இமைத்தாலும் லேசரின் நீர்க்குளிரூட்டி நின்றுவிடும், கணினி யு.பி.எஸ்ஸில் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பச் சூடேறிக் கதிர் நிலைகொள்ள மணிக்கணக்கு ஆகும். அதற்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.

படி 6: அடி, எண்ணு, பார்

சிறு மின்காந்தத்தால் படலத்தை நிறைவாக்கி, புலத்தை முழுதும் அணையுங்கள். பக்கத்தில் காந்தத் தாங்கி எதுவும் நிற்கவில்லையே என்றும் பாருங்கள். ஒரு துடிப்பு. படம். அதே இடத்தில் இரண்டாவது துடிப்பு. படம். இப்படிப் பத்து வரை போங்கள். கறுப்பு வட்டம் ஒற்றை எண்ணில் தோன்றி இரட்டை எண்ணில் மறைந்தால் புரட்டல் உண்மை.

வேறுவிதமாக வந்தால்? வட்டம் புள்ளி புள்ளியாக, கறுப்பும் வெளுப்பும் கலந்து இருந்தால், படலம் சூடாகிக் காந்தம் இழந்து தாறுமாறாகக் குளிர்ந்திருக்கிறது. ஆற்றலைக் குறையுங்கள். வெளியே சுத்தமான கறுப்பு வளையம், நடுவே மட்டும் கலப்பு என்றால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள், நடுவில் மட்டும் ஆற்றல் கூடிவிட்டது. நிறைவாக்கும் புலத்தைக் கொடுத்த பிறகும் கறை போகவில்லை என்றால் அது காந்தம் இல்லை, படலம் பொசுங்கியிருக்கிறது. வேறு இடத்துக்கு நகருங்கள்.

இப்போது ஆற்றலைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் புதிய இடத்தில் ஒரே துடிப்பு அடித்து, வட்டத்தின் பரப்பை அளந்துகொள்ளுங்கள். பரப்பை ஆற்றலின் இயல் மடக்கைக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். கோடு பூச்சியத்தைத் தொடும் இடம் புரட்டலுக்கான குறைந்தபட்ச ஆற்றல். சாய்வை இரண்டால் பெருக்கிப் பையால் வகுத்தால் கற்றை ஆரத்தின் வர்க்கம். தனியாகக் கற்றையை அளந்ததோடு இது ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் படலம் குவியத்தில் இல்லை.

படி 7: வட்டத் தளவிளைவு என்ற சிக்கல்

மேலே சொன்ன 2007ஆம் ஆண்டு ஆய்வில் பயன்பட்டது வட்டத் தளவிளைவு கொண்ட ஒளி, அதாவது அதிரும் திசை சுழன்றுகொண்டே வரும் ஒளி. அதில் வலப்பக்கம் சுழலும் ஒளி ஒரு திசையையும் இடப்பக்கம் சுழலும் ஒளி மறுதிசையையும் எழுதியது. ஒளியே திசையைச் சொல்கிறது என்று தோன்றியது. பிறகு தெரிந்தது, கடோலினியக் கலவையில் இரண்டு சுழற்சிகளையும் படலம் சற்றே வெவ்வேறு அளவில் உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். குறைந்தபட்ச ஆற்றலை ஒட்டிய குறுகிய வரம்பில் ஒரு சுழற்சி எல்லையைத் தாண்டும், மற்றது தாண்டாது. ஆற்றலைக் கூட்டினால் வேறுபாடு மறைந்து பழைய ஒற்றை–இரட்டைதான்.

கோபால்ட்–பிளாட்டினம் அடுக்குகளின் கதை வேறு. 2014இல் லாம்பெர்ட் உள்ளிட்டோர் காட்டிய அந்தப் படலங்களில் சுழற்சியின் திசை உண்மையிலேயே முடிவைத் தீர்மானிக்கிறது. ஆனால் ஒரு துடிப்பு போதாது, பல துடிப்புகள் சேர வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். உங்கள் படலம் எந்த வகை என்று முதலில் துடிப்பை எண்ணித் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சுழலும் ஒளியை உண்டாக்கும் கால் அலைத் தட்டைத் திருப்பும்போது கற்றை சில மைக்ரோமீட்டர் நகரும், ஆற்றலும் சற்று மாறும். "சுழற்சியால் வந்த வேறுபாடு" என்று நான் ஒருமுறை மகிழ்ந்தது இந்த நகர்வைத்தான். தட்டைத் திருப்பிய ஒவ்வொரு முறையும் ஆற்றலை மறுபடி அளந்து, புள்ளியின் இடத்தையும் கேமராவில் சரிபாருங்கள்.

படி 8: நேரத்தோடு பார்ப்பது

இதுவரை எடுத்தவை முடிவின் படங்கள். புரளும்போதே பார்க்க வேண்டுமானால் கற்றையை இரண்டாகப் பிரியுங்கள். பெரியது அடிக்கும், சிறியது பார்க்கும். சிறியதைப் படிகம் வழியாக 400 நானோமீட்டராக மாற்றினால் இரண்டையும் வடிகட்டியால் எளிதில் பிரிக்கலாம். நகரும் மேடையில் கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் தள்ளினால் ஒளியின் பாதை 0.3 மில்லிமீட்டர் கூடும், அதாவது ஒரு பைக்கோ விநாடி தாமதம்.

ஆயிரம் துடிப்புகளின் சராசரியை எடுப்பதால் இங்கேயும் அதே கணக்கு குறுக்கே வரும். ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வந்து சராசரி பூச்சியமாகும். அதனால் படலத்தின் நிறுத்து புலத்தைவிட, அதாவது படலத்தைத் திருப்பத் தேவையான புலத்தைவிட, சற்றே கூடுதலான நிலையான புலம் ஒன்றைக் கொடுத்து, அடுத்த துடிப்புக்கு முன் படலம் தொடக்க நிலைக்குத் திரும்பும்படி செய்யுங்கள். பைக்கோ விநாடிகளில் நடப்பதை அந்தச் சிறு புலம் தொந்தரவு செய்யாது.

கடைசியாக ஒரு படம்

எல்லாம் சரியாக அமைந்த இரவில் இதைச் செய்து பாருங்கள். ஒரு துடிப்பு அடித்து, மேடையைப் புரண்ட வட்டத்தின் அகலத்தில் பாதி தூரம் நகர்த்தி, மறுபடி ஒரு துடிப்பு. இப்படியே பத்துப் பன்னிரண்டு. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடங்களில் இரண்டு துடிப்பு விழுந்திருக்கும். அங்கெல்லாம் படலம் பழைய வெளுப்புக்கே திரும்பியிருக்கும், ஏறாத இடங்கள் கறுப்பாக இருக்கும். கறுப்பும் வெளுப்பும் சங்கிலியாகப் பின்னிச் சிக்குக் கோலம் போலத் திரையில் வந்து நிற்கும். நாங்கள் எடுத்த முதல் சங்கிலியில் ஏழாவது வட்டம் மட்டும் காணாமல் போயிருந்தது. தம்பி உடனே குறிப்பேட்டைப் புரட்டினான். ஏழாவது வரிசையில் டிக் இல்லை, அந்த அடிக்கு ஸ்கோப்பில் கம்பியே வரவில்லை.